நான்கு கிளிகள்

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால், இன்னும் பிளாட் போடாமல் மிச்சமிருக்கும் நிலத்தில் ஏழெட்டுப் பனைமரங்கள் தெரியும். பொத்தேரியில் இப்போது அதுவே பெரிய விஷயம். அவற்றில் ஒன்று மண்டை போன மொட்டைப்பனை. தை பிறந்தால் அதன் பொந்தில் கிளிகள் குடியேறிவிடும். என் மகளுக்கு ஆறு வயது. ஒருநாள் அந்த மரத்தைக் காட்டி, "அப்பா, நமக்கு ஒரு கிளி வேணும்" என்றாள்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "வாங்கிக் குடேன்டா, உங்க தாத்தா வீட்ல இருந்துச்சே" என்றார். சட்டப்படி குற்றம்மா என்றேன். "கிளி வளக்குறதா? மீனாட்சி கையிலயே இருக்கு!"

பதில் சொல்ல முடியவில்லை. மீனாட்சி கையில் மட்டுமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு இன்றும் தினமும் புதிதாக ஒரு கிளி செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் நாளெல்லாம் விரட்டுவதும் கிளியைத்தான், பெரிய வீட்டுப் பெண்கள் மடியில் வைத்துப் பேச்சுப் பழக்குவதும் கிளியைத்தான். வயலில் திருடன், வீட்டில் செல்லம். கி.மு. 400 வாக்கில் தீசியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இந்தியப் பறவை ஒன்றைப் பற்றி எழுதினார்: மனிதரைப் போலப் பேசும், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தால் அதையும் பேசும். குழந்தைக்கு என்ன வளர்க்கக் கொடுக்கலாம் என்ற கேள்வியே இங்கே ரொம்ப காலம் எழவில்லை. பதில் மரத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பதில் கடைக்கு வந்த கதையைச் சென்னையில் பார்க்கலாம். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர், உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அதன் அருகிலேயே 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. பழைய புத்தகம், கிராமபோன், கடிகாரம், கூடவே கூண்டு கூண்டாகப் பறவைகள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு புலியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிள்ளை, நாலு எட்டு நடந்தால் கிளியைக் கேட்டு அழலாம். வேறெந்த ஊரிலும் இவ்வளவு வசதி இருந்திருக்காது.

1985இல் இரண்டும் பிரிந்தன. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. ஜூலையில் மிருகக்காட்சிசாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. எங்களுக்குச் சில ஸ்டேஷன்தான் தள்ளி. பறவை வியாபாரமோ பிராட்வேயின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதைக்கு வந்துவிட்டது.

சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்தோடு வியாபாரம் செய்ய இடம் வைத்திருந்தது. 1990-91இல் அந்தக் கதவையும் மூடினார்கள். இந்தியப் பறவை எதையும் பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2023இல் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டில் இரண்டு கிளிகள் இருந்ததற்கு அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துக் கொடுத்தது ஒரு ஜோசியக் கிளி. வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்து, ஜோசியக்காரரைப் பிடித்து எச்சரித்து அனுப்பியது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கிளிக்குஞ்சு பண்ணையில் பிறந்து சந்தைக்கு வரவில்லை. கண் திறக்காத குஞ்சைப் பொந்துக்குள் கைவிட்டு எடுத்து, சாக்குப்பையிலோ சின்னக் கூடையிலோ அடைத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுவந்தார்கள். வழியில் செத்தவை கணக்கில் வராது. விற்பவர் 'வீட்டுல பொரிச்சது சார்' என்றால் சரிபார்க்க வழி கிடையாது. அப்படியிருக்க மொத்தமாகத் தடை செய்வதுதான் வேலைக்காகும்.

ஆனால் சர்வதேசப் பட்டியலைத் திறந்து படித்தபோது சிரிப்பு வந்தது. வனவுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை, உலகத்துக் கிளியினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்து, நான்கே இனங்களுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. ஒன்று பட்ஜெரிகர், ஆஸ்திரேலியா. இரண்டு காக்கடீல், அதுவும் ஆஸ்திரேலியா. மூன்று, ரோஜா முகம் கொண்ட ஆப்பிரிக்க லவ் பேர்ட். நான்காவது நம் மொட்டைப்பனைக் கிளி! விதிவிலக்குப் பட்டியல் எழுதிப் பிழைக்கும் சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது பழகிய வேடிக்கை. ஒரு கோப்பில் 'அனுமதி', இன்னொன்றில் 'தடை', இரண்டுமே அதனதன் இடத்தில் சரி. லண்டன் பூங்காக்களில் கூண்டிலிருந்து தப்பிய இந்தக் கிளியின் வாரிசுகள் ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டு திரிகின்றன. பொத்தேரியில் அதை வளர்க்கக் கூடாது. மற்ற மூன்றும் பிராட்வேயில் ஜோடியாகக் கிடைக்கும்.

அந்த மூன்றில் முதலாவதைத்தான் நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்கிறோம். பெயரே தப்பு. நிஜ லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர். நம் கூண்டில் இருப்பது பட்ஜெரிகர். 1840இல் ஜான் கோல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூண்டிலேயே குஞ்சு பொரிக்கும் என்பதால் உலகமெல்லாம் பரவிவிட்டது. சொந்த ஊரில் அது நாடோடி. மழை பெய்த இடம் தேடி, ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பாலைநிலத்தைத் தாண்டும். இங்கே அதற்கு ஓரடிக் கூண்டு, இரண்டு குச்சி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்.

சட்டம் கிளியை விடுவித்தது. காலியான கூண்டு காலியாக இருக்கவில்லை.

கூண்டைப் பற்றியும் சட்டம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு அரசே கொண்டுவந்ததுதான் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். விலங்கு அசைய நியாயமான இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம் என்கிறது அதன் 11ஆம் பிரிவு. 'நியாயமான' என்பது எத்தனை அடி? இதற்காக யாரும் ரெய்டு வந்து நான் பார்த்ததில்லை.

தாத்தா வீட்டுக் கிளிக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது அது 'யாரு வந்திருக்கா?' என்று கேட்டது. எனக்கு ஞாபகம் இருப்பது இறக்கை. மாதம் ஒருமுறை தாத்தா கத்தரியால் நறுக்குவார். வாங்கிக் கொடுத்தது மாமாவுக்காக. மாமா ஹாஸ்டலுக்குப் போனார், வேலைக்குப் போனார், கல்யாணம் ஆனது. கிளி இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது இருபத்தைந்து, முப்பது வருடம்கூட இருக்கும். கடைசிவரை கூண்டு கழுவியதும் மிளகாய்ப்பழம் வைத்ததும் பாட்டி. கேட்டது ஒருவர், வாங்கியது ஒருவர், வளர்த்தது இருவருமே இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு முப்பது வருட உயிரை வாங்குவது அப்பா எடுக்கிற லோன் மாதிரி. தவணை கட்டுவது வீட்டில் இருக்கிற பெண்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "பாட்டி ஒருநாளும் சலிச்சுக்கலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரும் கேக்கவும் இல்ல" என்றார்.

கடைசியில் கொளத்தூருக்குப் போனோம். அலங்கார மீன் வளர்ப்பை ஊர்த்தொழிலாகவே செய்கிற பகுதி. கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வேண்டாம் என்பதில் நான் உறுதி. கிண்ணத்துத் தண்ணீரில் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். முடிவானது கப்பி. அதுவும் வெளியூர்தான், தென்னமெரிக்கா. கொசுப்புழு தின்னட்டும் என்று ஒரு காலத்தில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆயுள் இரண்டு மூன்று வருடம். மகள் அதன் குட்டியையும் பார்ப்பாள், சாவையும் பார்ப்பாள். ஒன்பது வயதுக்குள் கணக்கு முடிந்துவிடும்.

அன்று மீன் வாங்கவில்லை, தொட்டி மட்டும்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் உருவாக நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை ஃபில்டர் ஓடும், மீன் வராது. மகள் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். மூன்றாவது வாரம் அம்மா போன் செய்தார்.

"என்னடா, மீன் வந்துச்சா?"

"இல்லம்மா, இன்னும் தண்ணி ரெடியாகல."

"தண்ணியவா வளக்குறீங்க?"