போன இரத்தமும் வராத பதிலும்

மலாயாவின் மருத்துவ வரலாற்றில் நெகிரி செம்பிலானுக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்த இடத்தை வாங்கித் தந்ததில் தமிழர் சோற்றுப்பானைக்கும் பங்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர் டபிள்யூ. எல். பிராடன். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி கண்டு கால் வீங்கி மடிந்துகொண்டிருக்க, புழுங்கல் அரிசிச் சோறு தின்ற தமிழர்களை அந்நோய் அநேகமாகத் தொடவில்லை என்பதை அவர் கவனித்து, 1907-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பழைய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அரிசியைக் கைகாட்டியது சரி. அதே ஆண்டு மருத்துவ ஆய்வாளர்களான பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு வட்டாரத்து டூரியான் தீப்புஸில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவா தொழிலாளர்களைப் பிரித்து, ஒரு சாராருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி தின்றவர்களிடம்தான் நோய் தலைகாட்டியது. தொழிலாளியின் உடம்பிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் அறிவு ஆய்வுக்கூடத்துக்குப் போன பாதை இது. இந்தப் பாதை நூறு ஆண்டுகளாக ஒருவழிப் பாதையாகவே கிடந்தது என்பதுதான் என் வாதம். தோட்டப்புறத்துக் குடும்பங்கள் தங்கள் குழந்தையின் அரிய நோயைப் புரிந்துகொள்ளாமல் போனதற்குப் பெற்றோரின் அறியாமையைவிட இதுவே பெரிய காரணம்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்ற கணக்கு, அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும். அருமையான முறை, அதை வைத்து வடிகால் வெட்டிப் பல்லாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனாலும் அந்தக் குழந்தை அங்கே நோயாளியாக நிற்கவில்லை, அளவுகோலாக நின்றது. வெளிறிய முகமும் வீங்கிய மண்ணீரலும் மலேரியாவின் அடையாளங்கள் மட்டுமல்ல. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டிலும் குழந்தை இப்படித்தான் வெளுத்து வயிறு தள்ளி நிற்கும். கொய்னா கொடுத்தும் தேறாத குழந்தைகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தொழிலாளர் சட்டத்துக்குப் பயந்து முதலாளிகள் நடத்திய தோட்ட மருத்துவமனையின் வேலை, ஆளை மறுபடி ரப்பர் மரத்தடிக்கு அனுப்புவது. நாளை எத்தனை பேர் பால்வெட்டுக்குப் போவார்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இதற்காகத் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரைக் குறை சொல்வது நியாயமாகாது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அவர் ஒருவரே.

அரிய நோய்கள் தோட்டங்களில் வெளிப்பட்ட விதமும் இதே கதைதான். இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து நாளங்களை அடைக்கும் அரிவாளணு நோயை அமெரிக்காவில் 1910-இல் மருத்துவர் ஹெரிக் விவரித்தார். இந்தியாவில் அது இருப்பது 1952-இல்தான் தெரியவந்தது. ஒரு பக்கம் நீலகிரிப் பழங்குடிகளிடம் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் அதைக் கண்டார்கள். இன்னொரு பக்கம் மேல் அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடமும் அது காணப்பட்டது. மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் ஒடியா வம்சாவளிக் குடும்பங்களிடம் இந்நோய் இருப்பதை லீ-இன்ஜோ லுவான் எங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களில் எழுதினார்கள். அதற்குள் அக்குடும்பங்கள் தலைமுறைகளைத் தோட்டத்திலேயே கழித்திருந்தன. கைக்குழந்தைக்கு விரல்கள் வீங்குவதும், திடீரென்று எலும்பு வலி பிடுங்குவதும் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் புதிதல்ல. அதற்குப் பெயர் இருக்கிறது என்பதுதான் புதிது. அந்தப் பெயரும் முதலில் போனது ஆங்கில மருத்துவ இதழ்களுக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும். சோதனையே இல்லாத காலத்தில் யார் எதைச் சொல்லியிருக்க முடியும்? மலேரியா கொத்துக் கொத்தாகக் கொன்றபோது அரிய நோயைத் தேடுவது ஆடம்பரம் இல்லையா? பாதி சரி. ஹீமோகுளோபினை மின்னோட்டத்தால் பிரித்துப் பார்த்து, அரிவாளணு நோய் மூலக்கூறின் கோளாறு என்று வேதியியலாளர் பாலிங்கின் குழுவினர் காட்டியதே 1949-இல்தான். அதற்கு முன்பு நடந்ததற்கு நான் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் மலேரியா அடங்கிய பிறகும், சோதனை வந்த பிறகும் பழக்கம் மாறவில்லையே. இரத்தச்சோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்புவது தொடர்ந்தது. தலசீமியாக் குழந்தைக்கு இரும்பு பெரும்பாலும் குறைவதில்லை. ஏற்றும் இரத்தத்தோடு சேர்ந்து மிகுந்துபோய் இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். உடம்பிலிருந்து இரும்பை வெளியேற்றுவதே சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்னொரு மறுப்பு, படிக்காத தோட்டத்து மக்களுக்கு மரபணுவை எப்படி விளக்குவது என்பது. இதை நான் ஏற்கவே மாட்டேன். மருத்துவமனையில் மரபுநோய் ஆலோசகர் முதலில் வரைவது ஒரு வம்ச வரைபடம். யார் யாருக்கு அண்ணன், எந்தத் தம்பதிக்கு எத்தனை பிள்ளை, எது தங்கியது, எது தவறியது என்று அவர் அரைமணி நேரம் தோண்டிக் கேட்பதைத் தோட்டத்துப் பாட்டி ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று முறை பார்த்தே வாழ்ந்த சமூகம் இது. அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்துக்கு மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே இந்துக்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட நெருங்கிய உறவில், ஒரே குறையை மறைவாகச் சுமக்கும் இருவர் இணையும் வாய்ப்புக் கூடும் என்பதைச் சொன்னால் புரியாத குடும்பம் இல்லை. சுமப்பவர்கள் இருவரும் நோயில்லாமலே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் புதிதாக வரும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்பதில்லை. இந்த மூன்றைச் சொல்லாமல் "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பழி நேராக மருமகள் தலையில்தான் விழும்.

சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாட்டைப் பார்த்தால், விளக்கிச் சொல்வதன் தேவை இன்னும் தெளிவாகும். 1980களிலிருந்து மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். இந்தக் குறை உள்ள குழந்தைக்கு மஞ்சள்காமாலை முற்றி மூளையைத் தாக்கலாம் என்பதால், நல்ல திட்டம், சரியான நேரத்துச் சோதனை. வீட்டுக்கு அனுப்பும்போது துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை போடாதே, சில மாத்திரைகளைக் கொடுக்காதே என்று தாயிடம் சொல்கிறார்கள். ஏன் என்று சொல்லாவிட்டால் அந்த எச்சரிக்கை அந்த ஒரு குழந்தையோடு நின்றுவிடும். இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வருவது. எனவே குழந்தையின் தாய்மாமனுக்கும் அது இருக்கலாம், சித்தி பெரியம்மாவின் ஆண்பிள்ளைகளுக்கும் இருக்கலாம். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரிமாக்குவின் மருந்து இக்குறை உள்ளவர் உடம்பில் சிவப்பணுக்களை உடைத்துவிடும். காது குத்துக்கு மடி கொடுக்கும் மாமனிடம் இதைச் சொல்லிவைக்க அந்தத் தாய்க்கு ஒரு நிமிடம் போதும். அவளிடம் காரணத்தைச் சொல்ல மருத்துவமனைக்கு ஐந்து நிமிடம் ஆகும்.