கடைத்தெருவின் சொந்தக்காரர்: செயலிச் சந்தைகளின் ஒரு சிறு வரலாறு

'ஆப் ஸ்டோர்' எண்டதும் எங்களுக்கு அப்பிள் கம்பனிதான் ஞாபகம் வரும். ஆனால் ஐபோன் வருவதற்கு முதலே அந்தப் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தது இன்னொரு கம்பனி. போனோடும் பாட்டோடும் சம்பந்தமில்லாத, கம்பனிகளின் விற்பனைப் பிரிவுகளுக்கு மென்பொருள் கொடுக்கிற சேல்ஸ்ஃபோர்ஸ். செயலிச் சந்தைகளின் வரலாற்றை நாங்கள் அங்கிருந்து பார்க்கத் தொடங்கினால், இண்டைக்கு நடக்கிற சண்டைகளின் வேர் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

1999இல் சான் பிரான்சிஸ்கோவில் சேல்ஸ்ஃபோர்ஸைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் மார்க் பெனியோஃப். அதற்கு முதல் ஒரக்கிளில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் பெரிய கம்பனிகள் மென்பொருளை விலைக்கு வாங்கித் தங்கட சொந்தக் கணினிகளில் நிறுவ வேணும். பராமரிக்கவும் ஆட்களை வைத்திருக்க வேணும். சேல்ஸ்ஃபோர்ஸ் அதை இணையத்துக்கு மாற்றியது. பிரௌசரைத் திற, சந்தாவைக் கட்டு, வேலையைப் பார். அவ்வளவுதான். 2004 ஜூனில் கம்பனி நியூயோர்க் பங்குச் சந்தைக்கும் போய்விட்டது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வங்கிக்கு வேண்டியது மருந்துக் கம்பனிக்கு வேண்டாம். மருந்துக் கம்பனிக்கு வேண்டியது கட்டட ஒப்பந்தக்காரருக்கு வேண்டாம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஒரே கம்பனி எழுதிக் கொடுக்க ஏலாது. அப்ப, வெளியில் இருக்கிறவர்களை எழுதவிட்டால் என்ன?

இந்த யோசனைக்குப் பெனியோஃப் ஒரு கதை வைத்திருக்கிறார். 1984இல் அப்பிளில் பயிற்சி பெற்றவர் அவர். பல வருடங்களுக்குப் பிறகு ஸ்டீவ் ஜொப்ஸைச் சந்திக்கப் போனபோது, உன்னைச் சுற்றி மற்றவர்களின் செயலிகளும் வளர வேணும் எண்ட கருத்தில் ஜொப்ஸ் புத்தி சொன்னாராம். 2008இல் அப்பிள் தன் கடையைத் திறந்தபோது, தன்னிடம் இருந்த 'ஆப் ஸ்டோர்' பெயரையும் இணைய முகவரியையும் நன்றிக்கடனாக ஜொப்ஸிடமே கொடுத்துவிட்டதாகவும் சொல்கிறார். அழகான கதைதான். ஆனால் வென்ற ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதை எண்டதையும் மறக்கக் கூடாது. உறுதியாகத் தெரிந்தது இது: 2005இல் அறிவிக்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸின் சந்தை, 'ஆப்எக்ஸ்சேஞ்ச்' எண்ட பெயரில் 2006 ஜனவரியில் திறந்தது. அப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்க இன்னும் இரண்டரை வருடம் இருந்தது.

இந்தச் சந்தை வெறும் பட்டியல் அல்ல. அங்கே விற்கப்படும் செயலிகள் பெரும்பாலும் சேல்ஸ்ஃபோர்ஸின் தளத்துக்குள்ளேயே, அதன் தரவுகளோடு சேர்ந்தே இயங்கும். விற்பதற்கு முதல் பாதுகாப்புப் பரிசோதனையில் தேற வேணும். எழுதுவதற்கு 'ஏபெக்ஸ்' எண்டு ஒரு மொழியையும் கம்பனியே உருவாக்கிக் கொடுத்தது. செயலி எழுதுகிறவருக்கு வாடிக்கையாளர், கணினி வசதி எல்லாம் தயாராகக் கிடைக்கும். பதிலுக்கு அவர் கொடுப்பது என்ன? ஏபெக்ஸில் எழுதியது வேறெங்கும் ஓடாது. ஒரே கட்டமைப்பைப் பலர் பங்குபோடும் இந்த முறையில், ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தொழில்நுட்பக்காரர்களே 'வாடகைக்காரர்' எண்டுதான் அழைக்கிறார்கள். அந்தச் சொல் செயலி எழுதுகிறவர்களுக்கு இன்னும் நல்லாப் பொருந்தும்.

வாடகைக்காரர்களுக்கு என்ன நடந்தது எண்டு பார்ப்போம். ஸ்டீல்பிரிக் எண்ட கம்பனி இந்தத் தளத்தின் மேல் விலைக்கூற்றுத் தயாரிக்கும் மென்பொருளைக் கட்டியது. 2015 டிசெம்பரில் அதை வாங்கப்போவதாகச் சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. விலோசிட்டியை 2020இல் வாங்கியது. வீவாவின் கதை வேறு. சேல்ஸ்ஃபோர்ஸில் வேலை செய்த பீற்றர் காஸ்னர் 2007இல் தொடங்கிய கம்பனி அது. மருந்துக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளுக்கான மென்பொருளைச் சேல்ஸ்ஃபோர்ஸின் மேல் கட்டி, 2013இல் பங்குச் சந்தைக்குப் போனது. பிறகு 2022 டிசெம்பரில், 2025இல் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை எண்டு அறிவித்துத் தன் சொந்தத் தளத்துக்கு மாறத் தொடங்கியது. பழைய வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. அதே மருந்துத் துறைக்குத் தானே ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். பதினைந்து வருட உறவு நேரடிப் போட்டியாக முடிந்தது.

ஐபோனில் வாடகைக்காரருக்கு இந்தத் தெரிவும் இருக்கவில்லை. 2008 ஜூலை 10இல் சுமார் 500 செயலிகளோடு திறந்த கடையில், பணம் கொடுத்து வாங்கும் செயலிகளின் விலையில் 30 சதவீதம் அப்பிளுக்கு. வெளியேறி அதே போனுக்குள் வேறு வழியால் வர அப்பிள் அனுமதிக்கவில்லை. 2020 ஓகஸ்டில் எபிக் கேம்ஸ் வழக்குக்குப் போனதும், 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் மற்றக் கடைகளுக்கும் வழிவிடச் சொன்னதும் இதனால்தான்.

இதெல்லாம் கணினி யுகத்தின் புதுப் பிரச்சினை எண்டு நாங்கள் நினைக்கத் தேவையில்லை. அமெரிக்க ரயில் கம்பனிகள் ஒரு காலத்தில் மற்றவர்களின் நிலக்கரியை ஏற்றிச் சென்றன. அதே தண்டவாளத்தில் தங்கட சுரங்கத்து நிலக்கரியையும் ஏற்றி விற்றன. பாதைக்குச் சொந்தக்காரரே போட்டியாளராகவும் இருந்தால் சின்னச் சுரங்கக்காரர் எங்கே போவார்? 1906இல் வந்த ஹெப்பர்ன் சட்டம், ரயில் கம்பனிகள் தாங்களே உற்பத்தி செய்த பொருட்களை மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றிச் செல்வதைத் தடுத்தது. மரத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்தச் சட்டத்தைச் சுற்றிப் போகவும் கம்பனிகள் வழி தேடின எண்டது வேறு கதை.

செயலிச் சந்தைகள் நிறையப் பேருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கின்றன, அதை மறுக்க முடியாது. சின்னக் குழு ஒண்டு எழுதியது ஒரே இரவில் உலகம் முழுக்கப் போகலாம் எண்டது முந்தி நடக்காத விசயம். ஆனால் வாடகை எவ்வளவு, எந்தச் செயலி உள்ளே வரலாம், எந்த வியாபாரம் நல்லாப் போகுது எண்ட மூன்றையும் ஒருவரே முடிவுசெய்து, ஒருவரே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு அவரே பக்கத்தில் கடை போடவும் அவருக்குத் தடை குறைவு. தண்டவாளத்துக்கு 1906இல் கேட்ட கேள்வியைச் சந்தைக்காரரிடமும் கேட்கும் காலம் வந்துவிட்டது எண்டே நாங்கள் நினைக்கிறோம்.