பழைய விதிநூல்: ஆடுவதற்கா, அறிவதற்கா?

சிற்றுருவப் படைகளை மேசைமேல் அணிவகுத்து ஆடும் போர்விளையாட்டுகளில் விதிநூலின் ஆயுள் மிகக் குறுகியது. 1987இல் வெளிவந்த வார்ஹேமர் 40,000 ஆட்டத்தின் அடிப்படை விதிநூல் அண்மைக்காலத்தில் 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டுள்ளது. புதிய பதிப்பு வந்துவிட்டால் போட்டிகளில் முந்தையது செல்லாது. அப்படியிருக்கப் பழைய பதிப்பைக் காசு கொடுத்து வாங்குவது தகுமா என்னும் கேள்வி ஆட்டக்காரர்களிடையே ஓயாமல் எழுகிறது. ஆட்டக்காரர் தரும் விடை பெரும்பாலும் எளியது: எதிரே அமர்பவரிடம் அதே நூல் இருந்தால் வாங்கலாம், இல்லையேல் வேண்டாம். வரலாற்று மாணவருக்கு இவ்விடை போதாது. செல்லாத விதியே அவருக்குச் சான்று.

இந்தியாவில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரையே தாங்கிய அவ்வாட்டமும் சிற்றுருவப் போர்தான். 1814இல் பம்பாயில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவரின் சதுரங்க நூல் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. சமஸ்கிருத மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதென்றும், ஐரோப்பிய ஆட்டமுறைக்கேற்ப அமைக்கப்பட்டதென்றும் அதன் தலைப்புப் பக்கமே அறிவிக்கிறது. (திருவேங்கடம் திருமலையின் பழம்பெயர். ஆயினும் பெயரை மட்டும் பற்றி ஆசிரியரைத் திருப்பதிப் பக்கத்தவர் எனத் துணிவது பிழை. வைணவர் எங்கு வாழ்ந்தாலும் அப்பெயரை இடுவர்.) அந்நூலை இன்று எவரும் ஆடக் கற்பதற்காக வாங்கார். அதன் மதிப்பு ‘ஏற்ப அமைக்கப்பட்டது’ என்னும் அந்த ஒப்புதலில் இருக்கிறது. மாற்றி அமைக்க வேண்டிய வேறொரு முறை அன்று உயிரோடு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த வேறு முறை யாது? இந்திய விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஆயினும் பரவலாகக் காணப்பட்ட சில கூறுகள் உண்டு. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் இல்லை. அதற்கு ஈடாக, முற்றுகைக்கு ஆளாகாத ராஜா ஒருமுறை மட்டும் குதிரைபோல் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் தான் சேர்ந்த நிரைக்குரிய காயாக உயரும், விரும்பியபடியெல்லாம் மந்திரியாகிவிடாது. சிறியனவாகத் தோன்றும் இவ்வேறுபாடுகள் ஆட்டத்தின் நடையையே மாற்றுவன. படைகள் மோதிக்கொள்ளச் சற்றுத் தாமதமாகும்; தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதால் பயன் குறையும்; பொறுமையாக நிலையைக் கட்டுபவருக்கு வெற்றி வாய்க்கும்.

மீர் சுல்தான் கானின் ஆட்டத்தை இப்பின்னணியின்றி விளக்க இயலாது. பஞ்சாபில் இந்திய விதிப்படி ஆடிப் பழகி, ஐரோப்பிய விதியைப் பின்னரே கற்ற அவர், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டன் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவை வென்றார். தொடக்கத்தில் தடுமாற்றம், இடையிலும் இறுதியிலும் வியத்தகு வலிமை என்று அவர் ஆட்டத்தை வருணிப்பது வழக்கம். அதனை ‘இயற்கை மேதை’ என்னும் சொல்லால் மூடிவிடுவது எளிது. ஏதோ பயிற்சியே பெறாதவர் போன்ற மயக்கத்தையும் அச்சொல் தருகிறது. அவர் பயின்றவர்தான், பயின்ற விதி வேறு. சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்.

எழுத்தில் சிக்கிய சதுரங்கத்தின் நிலை இது. எழுத்தே இல்லாத ஆட்டத்துக்கு வேறு சோதனை. சென்னை–கூடூர் இருப்புப் பாதையில் மாநில எல்லையை ஒட்டியுள்ள தடா, 1953 வரை சென்னை மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022இல் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைக்குத் தெற்கே ஆடுபுலி ஆட்டம் என்பதை வடக்கே புலி–மேக என்பர். பெயர் மாறினும் முக்கோணப் பலகையும் 23 புள்ளிகளும் 3 புலிகளும் 15 ஆடுகளும் இருபுறத்துக்கும் பொது. கோயில் மண்டபத் தரையில் கீறிய கோடுகள்தாம் பலகை. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் காய்கள். கோடுகள் கல்லில் நிலைத்தன. விதி வாயில் மட்டுமே வாழ்ந்தது. எல்லா ஆடுகளையும் வைத்து முடிக்குமுன் ஓர் ஆட்டை நகர்த்தலாமா? தொடர் தாவலில் புலி ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகளை வெட்டலாமா? எத்தனை ஆடு வெட்டுண்டால் புலிக்கு வெற்றி? தரைக்கோடு இவற்றுக்கு விடை சொல்லாது.

இத்தகைய ஆட்டங்களை எழுதி வைத்தவர்கள் சிலரே. இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ நூலில் ஊர்ப்புற ஆட்டங்களின் பலகைகளையும் விதிகளையும் பதிந்தார்; புலியாட்டத்தின் உறவான சிங்களச் சிறுத்தையாட்டமும் அவற்றுள் ஒன்று. சதுரங்க வரலாற்றை 1913இல் எழுதிய முர்ரே, 1952இல் பிற பலகை ஆட்டங்களைத் தொகுத்தபோது பார்க்கர் போன்ற முன்னோரையே பெரிதும் சார்ந்தார். பின்வந்த எளிய கையேடுகள் முர்ரேயைச் சார்ந்தன. ஆக, மூன்று புத்தகங்களில் ஒரே விதி இருந்தால் அது மூன்று சாட்சியாகாது. ஒரே சாட்சியை மூவர் திருப்பிச் சொன்னதாகவும் இருக்கலாம். எவர், எங்கே, யாரை ஆடக் கண்டு எழுதினார் என்று அறியப் பழைய நூலுக்கே திரும்ப வேண்டும்.

திரும்புவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பார்க்கரின் நூலும் முர்ரேயின் 1913ஆம் ஆண்டு நூலும் இணையத்தில் மின்படிகளாகக் கிடைக்கின்றன. அதே 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆட எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ விதிநூலும் அவ்வாறே. முதற்பதிப்பின் தோல் அட்டைக்குப் பல்லாயிரம் கொடுப்பது சேகரிப்பாளரின் இன்பம்; ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு அது தகாது. முன்னாள் உரிமையாளர் ஓரத்தில் விதியைத் திருத்தி எழுதிய படி கிடைத்தால் மட்டும் கணக்கு மாறும். அச்சிட்ட விதி ஆசிரியர் விரும்பியது. ஓரக்குறிப்பு உண்மையில் ஆடப்பட்டது.

பணம் செலவிட வேண்டிய இடம் வேறு. ஆட்டப்பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் விதித்தாளை நூலகங்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பெட்டி உடைந்ததும் அதுவும் குப்பைக்குப் போகிறது. 2002இல் சென்னையில் தொடங்கப்பட்ட கிரீடா போன்ற நிறுவனங்கள் மரபாட்டங்களை இன்று விதித்தாளுடன் விற்கின்றன. வாய்வழி வந்த பல விதிகளுள் ஒன்று இவ்வாறு அச்சேறும்போது, மற்றவை பிழையான ஆட்டமாகத் தோன்றத் தொடங்கும். பழைய புத்தகக் கடையில் ஆங்கில மூலத்தின் அரிய பதிப்புக்குப் பேரம் பேசுபவர், பக்கத்தில் கயிறு கட்டிக் கிடக்கும் தமிழ், தெலுங்கு ஆட்டப்பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. தாள் உள்ளே இருந்தால், காய்கள் குறைந்திருந்தாலும் வாங்கலாம்.