வடம் ஒன்று, வழி இரண்டு

விளையாட்டு விழாவிற்கெனப் பிள்ளைகளை இரு அணிகளாகப் பிரித்த தலைமையாசிரியருள் யானும் ஒருவன். காலையில் தோள்மேற் கைபோட்டு வந்த நண்பர்கள், மாலையில் முகங்கொடாது பிரிந்து செல்லக் கண்டிருக்கிறேன். காரணம் நெடுநாள் விளங்கவில்லை.

1954-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், முசாபர் ஷெரிஃப் என்னும் உளவியலறிஞரும் துணைவரும் 11, 12 வயதுச் சிறுவர் 22 பேரைக் கோடை முகாமில் தங்கவைத்தனர். நிறத்தாலும் சமயத்தாலும் குடும்ப நிலையாலும் ஒத்த சிறுவர்கள், முன்பின் அறிமுகமில்லாதவர்கள். அவர்களை இரு குழுக்களாக்கிப் பரிசுக்காகப் பந்தாட்டமும் வடமிழுத்தலும் நடத்தினர். வடமிழுத்துத் தோற்ற குழு, வென்றவர் கொடியைத் தீயிட்டது. வசைமொழியும் கைகலப்பும் தொடர்ந்தன. ஒன்றாக உண்ணச் செய்தும் பயனில்லை. உணவையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்தனர்.

பின்னர் அறிஞர்கள், முகாமிற்கு வரும் குடிநீர் தடைப்படச் செய்தனர். இரு குழுவும் கூடியே குறையைத் தேடின. உணவு வாங்கச் செல்லும் லாரி நின்றபோது, போட்டிக்கு உதவிய அதே வடத்தைக் கட்டி அனைவரும் இழுத்தனர். இத்தகைய பணிகள் பலவற்றால் பகை படிப்படியாகத் தணிந்தது. ஒரே பேருந்தில் ஊர் திரும்பவே பெரும்பாலோர் விரும்பினர்.

அங்கே பகை வேற்றுமையிற் பிறக்கவில்லை. எதிரெதிரே நிறுத்தியதிற் பிறந்தது. ஆதலின், 'அவன் இயல்பே தீது' என்று முடிவுகட்டுமுன், நம்மை எதிரெதிரே நிறுத்தியது எது என்று வினவுங்கள். அவன் சொல்வதையும் செவிமடுங்கள். யான் அணி பிரித்தேன். மறுநாள் அவர்களை ஒரே பணியிற் சேர்க்கத் தவறினேன். அத்தவறு உங்களுக்கு நேராதிருக்கட்டும்.