குன்றுகளில் எழுதிய காவல்

தமிழ்ச் சமணர் இன்று வாழும் ஊர்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் அமைந்துள்ளன. ஆனால் தமிழகத்தில் சமண அறத்தைப் பற்றிய மிகத் தொன்மையான கல்லெழுத்துகள் பல மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில்தாம் உள்ளன. கோடை விடுமுறையில் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்கள் பேருந்து அமர்த்திக்கொண்டு மதுரைக்குப் புறப்படும்போது, முன்னோர் அறம் வளர்த்த, ஆனால் இன்று தம்மைப் போன்ற குடிகள் காணப்படாத ஒரு நாட்டுக்கே செல்கின்றன. மேல்சித்தாமூரிலோ திருமலையிலோ நடப்பதுபோல் அங்கே அன்றாடப் பூசை இல்லை. வரவேற்று விளக்கம் கூற உபாத்தியாயர் இல்லை. ஆகவே உடன்வரும் வழிகாட்டி சொல்வதே குழந்தைகளின் மனத்தில் வரலாறாகப் பதிகிறது.

வழிகாட்டிகள் பலர் வழக்கமாகக் கூறுவன இரண்டு. ஒன்று, பாறையில் வெட்டப்பட்ட வழவழப்பான படுக்கைகள் பஞ்சபாண்டவர் வனவாசத்தில் துயின்றவை என்பது. மற்றொன்று, சமணர் எண்ணாயிரவர் கழுவேற்றப்பட்டதோடு பாண்டி நாட்டில் சமணம் முடிந்தது என்பது. இரண்டுக்கும் மறுமொழி அக்குன்றுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முதலாவதற்கு மாங்குளம் சான்று. மீனாட்சிபுரம் என்றும் வழங்கும் அவ்வூர்க் குன்றின் குகைத்தளங்களில் உள்ள தமிழி எழுத்துகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் இவற்றை கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கணிநந்தன் என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி செய்வித்த உறையுள் அது என ஒரு கல்வெட்டு கூறுகிறது. வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் கொடையை இன்னொன்று குறிக்கிறது. தலையணைபோல் ஒருபுறம் உயர்ந்த படுக்கைகளும், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை முகப்பில் வெட்டிய காடியும் துறவியர்க்காக அமைந்தவை. பெயர் தெரிந்த ஒருவர் பெயர் தெரிந்த ஒருவருக்கு அளித்த இடத்தைப் பாண்டவர்க்கு உரியதாக்க வேண்டியதில்லை.

இரண்டாவதற்கு மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலை மறுமொழி தருகிறது. கழுவேற்றக் கதை திருஞானசம்பந்தர் காலத்தோடு, அதாவது ஏழாம் நூற்றாண்டோடு இணைத்துச் சொல்லப்படுவது. அக்கதையின் உண்மையைப் பற்றி அறிஞர் எவ்வாறு வாதிட்டாலும், சமணர் மலையில் இன்று காணும் திருமேனிகள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முடிந்துபோனதாகச் சொல்லப்படும் சமயம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே மதுரையின் வாயிலில் அரசும் ஊரும் அறியத் தீர்த்தங்கரர்களை வடித்துக்கொண்டிருந்தது. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் கி.பி. 870இல், இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, 505 காணம் பொன் முதலாக வைத்தார். புதுப்பித்தார் என்ற சொல்லே அவை அதற்கு முன்பும் அங்கே இருந்தமையைக் காட்டுகிறது. கழுமரக் கதையை மட்டும் கேட்டுக் கீழிறங்கும் குழந்தை, தன் சமயம் அழிந்த இடத்தைக் கண்டு வந்ததாகவே எண்ணும். அது பெரும் பிழை.

சமணர் மலையில் அவசரம் கூடாது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில் ஆகியவற்றைக் கடந்து படியேறினால், பேச்சிப்பள்ளத்தில் சுனையருகே எட்டுத் திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. பார்சுவநாதர், மகாவீரர், கொடி படர்ந்த பாகுபலி எனக் குழந்தைகளே அடையாளம் கண்டு சொல்லலாம். அவற்றுள் ஒன்றை அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்று வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. மகன் இல்லறம் துறந்தவர். ஆயினும் அவருடைய தாய் என்றே அவ்வம்மையாரைக் கல் அறிமுகப்படுத்துகிறது. மேலும் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அதற்கும் மேலே விளக்குத்தூண் அருகில் உள்ள கன்னடக் கல்வெட்டு பெள்குளத்தைச் சார்ந்த ஆசிரியர்களின் பெயரைத் தருகிறது. சிரவணபெளகுளத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் செல்வதுபோல், அங்கிருந்து இங்கு வந்தோரும் இருந்தனர்.

மலையின் தென்மேற்குப் பக்கத்துக் குகை செட்டிப்புடவு. நீண்ட செவிகளோடு அமர்ந்த தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று ஊரார் எண்ணியதால் வந்த பெயர் என்பர். உள்ளே சிங்கத்தின் மீதமர்ந்து யானைவீரனோடு பொரும் இயக்கியின் வடிவம் காண்போரை நெடுநேரம் நிறுத்திவைக்கும். ஆனால் அங்குள்ள கல்வெட்டொன்றே யாத்திரிகர் தவறாமல் கேட்க வேண்டியது. வெண்பு நாட்டுக் குறண்டியைச் சேர்ந்த அஷ்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இப்பெரியடிகள் அத்திருமேனியைக் குயிற்குடி ஊரார் பெயரால் செய்வித்து, பள்ளிச் சிவிகையாரின் இரட்சையில், அதாவது காவலில், ஒப்படைத்தார். அக்குயிற்குடியே இன்றைய கீழக்குயில்குடி. அடிவாரத்தில் ஆடு மேய்ப்போரும் வயலில் வேலை செய்வோரும் தம் ஊரின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மலையில் எழுதப்பட்டிருப்பதை அறிவார்களா என்று வருவோர் கேட்டுப் பார்க்கலாம்.

இரட்சை என்ற சொல் பிற குன்றுகளிலும் வருகிறது. மேலூர்ச் சாலையில் உள்ள ஆனைமலையில், அச்சணந்தி முதலியோர் செய்வித்த திருமேனிகள் நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காவலில் வைக்கப்பட்டன. அதே மலையின் அடியில் கி.பி. 770இல் குடையப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயில் உள்ளது. அந்தணர் சபையே அருகர் திருமேனிக்குக் காவல் பூண்டது. அரிட்டாபட்டியில் அச்சணந்தி செய்வித்த திருமேனிக்குப் பாதிரிக்குடியார் இரட்சை. முனிவர் ஓரிடத்தில் தங்குபவர் அல்லர். நடந்து சென்றுகொண்டே இருப்பவர். ஆகவே தாம் விட்டுச்செல்லும் திருமேனியை அக்கம்பக்கத்து ஊராரிடமே ஒப்படைத்துச் சென்றார்.

அக்காவல் இன்றும் முற்றிலும் அறுந்துவிடவில்லை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 எக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024இல் அவ்வூரையும் உள்ளடக்கிய மேலூர் வட்டாரப் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, உழவரும் பெண்களும் மாதக்கணக்கில் போராடினர். திரளாக மதுரை நோக்கி நடந்தனர். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மைய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. போராடியோருள் பெரும்பாலோர்க்கு அம்மலை தம் சாமியின் இருப்பிடம், தம் கண்மாய்க்கு நீர் தரும் ஊற்று. பஞ்சபாண்டவர் என்றும் செட்டியார் என்றும் பேச்சியம்மன் என்றும் பெயரிட்டு அவர்கள் வழங்கிவந்த இடங்களைக் கண்டு, சென்ற ஊரில் சினந்து திருத்த முற்படுவது முறையன்று. கல்வெட்டின் செய்தியைப் பகிர்ந்துகொள்வதே போதுமானது. அம்மலைகளில் தம் பெயரைக் கீறிவைத்துப் போகும் சுற்றுலாக்காரரைக் காட்டிலும் அவ்வூரார் செய்தது எவ்வளவோ மேல்.

பயணத் திட்டம் வகுப்போர்க்கு ஒன்றிரண்டு குறிப்புகள். பாறை சுடுவதற்கு முன் காலையிலேயே சமணர் மலை ஏறிவிடல் நன்று. இரவுண்ணா விரதம் உடையோர் இருத்தலின், ஆனைமலையும் அரிட்டாபட்டியும் முடித்து, கதிர் மறையுமுன் உணவு கொள்ள இடம் பார்த்து வைத்தல் வேண்டும். ஒரே நாளில் எட்டுக் குன்றுகளையும் காட்டுவதாகச் சொல்வோரை நம்ப வேண்டா. எண்பெருங்குன்றம் என்று பழம்பாடல் எண்ணுவனவற்றுள் சில எவை என்பதிலேயே அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை.

அச்சணந்தியின் வழியும் மதுரையோடு நிற்கவில்லை. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலை, மதுரையைச் சுற்றிய அழகர்மலை, கருங்காலக்குடி, தேனிப் பக்கத்து உத்தமபாளையம், நெல்லை மாவட்டத்து ஏர்வாடி, குமரி மாவட்டத்துச் சிதறால் எனத் தமிழகத்தின் வடமுனை தொட்டுத் தென்முனை வரை அவர் பெயர் பாறைகளில் காணப்படுகிறது. அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்பது பெரும்பாலோர் கருத்து. வள்ளிமலை வடமாவட்டத்துக் குடும்பங்களுக்கு அண்மையிலேயே இருக்கிறது. சிதறாலுக்கு இன்னொரு விடுமுறை வேண்டும்.