எளாவூர் தாண்டினால் நெல்லூர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பிரேசிலில் வியாட்டினா-19 என்றொரு பசு. 2023 ஏலத்தில் அதன் மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம் ரியாலுக்குப் போயிருக்கிறது. இனத்தின் பெயர் நெலோரே.

அட, நம்ம நெல்லூர்! எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தடா. பழைய நெல்லூர் மாவட்டம் அங்கேயே தொடங்கிவிடும். எங்க தாத்தா ஏர் பூட்டியதும் அந்த மாட்டைத்தான். வெள்ளை உடம்பு, பெரிய திமில், தொங்கும் அலைதாடி. நம்மூர் ஆவணங்களில் ஓங்கோல் என்று இருக்கும்.

பிரேசிலின் வெயிலிலும் உண்ணிக்கடியிலும் ஐரோப்பிய மாடுகள் திணறின. இது தாக்குப்பிடித்தது. 1868-ல் சல்வடோர் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலிலிருந்து ஒரு ஜோடி விற்கப்பட்டது. 1878-ல் லெம்க்ரூபர் என்ற பண்ணைக்காரர், ஹாம்பர்க் மிருகக்காட்சிசாலையில் பார்த்துப் பிடித்துப்போய் ஒரு ஜோடியை வரவழைத்தார். அப்புறம் நூற்றுக்கணக்கில் கப்பலேறின.

மாட்டோடு நோயும் போனது. 1920-ல் பிரேசிலுக்குப் போகும் வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கிய இந்திய மாடுகளிடமிருந்து பெல்ஜியத்தில் வெக்கை நோய் பரவியது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், சில நாட்களில் சாவு. 1921-ல் பிரேசிலிலும் அது வர, இந்திய மாடுகளுக்குத் தடை. அந்தப் பயத்தில்தான் 1924-ல் 28 நாடுகள் பாரிஸில் கூடி உலகக் கால்நடை நல அமைப்பை உருவாக்கின. இந்தியாவில் இந்த நோய் கடைசியாகப் பதிவானது 1995-ல், நம்ம வட ஆற்காடு பகுதியில். 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய்.

பிரேசில்காரர்கள் செய்த முக்கியமான வேலை வேறு. 1938-ல் உபெராபாவில் வம்சப் பதிவேடு திறந்தார்கள். எந்தக் காளை, எந்தப் பசு, கன்றின் எடை என்ன என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஓங்கோலுக்குப் பக்கத்துக் கரவடி ஊரின் பெயரோடு கர்வாடி என்ற காளையைக் கொண்டுபோனார்கள். அதன் வாரிசுகள் இன்றைக்கும் அந்த ஏட்டில் இருக்கின்றன. இறைச்சிக்காக அவர்கள் வளர்க்கும் மாடுகளில் பெரும்பகுதி இப்போது நெலோரேதான்.

இங்கே அந்த மாட்டைக் காப்பாற்றியது ஏர். டிராக்டர் வந்ததும் அதற்கு வேலை போச்சு. அடுத்து எல்லோரும் கேட்டது பால். நம்ம மாவட்டத்து அலமாதியில் இருக்கும் மத்திய அரசுப் பண்ணைகூட முர்ரா எருமைக்குப் பேர்போனது.

தாத்தாவிடமும் ஒரு பதிவேடு இருந்தது. இந்தக் காளையின் தாய் எந்த வீட்டுப் பசு, அதற்கு எத்தனை ஈத்து, எதன் கன்று காலில் வலுவில்லாதது, எல்லாம் தலைக்குள். சோழவரம் சந்தைக்குப் போய் வந்தவர்கள் அவரிடம்தான் கேட்டுக்கொண்டு வாங்குவார்கள். யாரும் எழுதிவைக்கவில்லை.

டேட்டாபேஸ் எழுதிச் சம்பாதிக்கிற நான், போன பொங்கலுக்கு அப்பாவிடம் கேட்டேன்: "கடைசியா வித்த ஜோடிக்கு என்னப்பா பேரு?"

ரொம்ப நேரம் யோசித்தார். "ஒண்ணு ராமு. இன்னொண்ணு... ஞாபகம் வரலடா."