அடைக்கலம் பேசிய தூண்

ஜெர்மனியின் காஸல் நகரம் 1943-இல் குண்டுவீச்சால் பாழாயிற்று. அந்த இடிபாடுகளுக்கிடையே, 1955-இல் ஆர்னால்டு போடே என்னும் ஓவியர் 'டாக்குமெண்டா' கலை விழாவைத் தொடங்கினார். ஹிட்லர் ஆட்சியில் 'சீரழிந்த கலை' என்று தூற்றி ஒதுக்கப்பட்ட ஓவியங்களை மக்கள் மீண்டும் கண்டனர். இப்போது அவ்விழா ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, 100 நாள்கள் நடைபெறுகிறது.

2017-ஆம் ஆண்டு விழாவில், நைஜீரியாவில் பிறந்த ஓலு ஓகிபே நகரின் நடுச் சதுக்கத்தில் 16 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் தூண் ஒன்றை நிறுவினார். அந்நியனை ஏற்று ஆதரித்ததைக் கூறும் விவிலிய வாசகம், ஜெர்மன், ஆங்கிலம், துருக்கி, அரபு ஆகிய நான்கு மொழிகளில் பக்கத்துக்கு ஒன்றாய் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சிரியா முதலிய நாடுகளின் அகதிகள் இலட்சக்கணக்கில் ஜெர்மனிக்குள் வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நகர்மன்ற வலதுசாரி உறுப்பினர் ஒருவர் தூணை 'உருக்குலைந்த கலை' என்றார். பழைய வசையின் வாடை இதில் வீசவில்லையா?

தூணை விலைக்கு வாங்க நன்கொடை திரட்டிய நகராட்சி, அதனை வேறிடத்துக்கு மாற்ற விரும்பியது. கலைஞர் இணங்கவில்லை. 2018 அக்டோபரில் தூண் பெயர்த்தெடுக்கப்பட்டது. பிறகு உடன்பாடு கண்டு, 2019-இல் அருகிலிருந்த ட்ரெப்பன் வீதியில் அதனை மீண்டும் நிறுத்தினர். அரபு வரிகளும் உடன் நின்றன.